பழைய மடிக்கணினியில் லினக்ஸ் துவங்க மறுக்கிறதா? நின்ற இடத்தைக் கண்டு சரிசெய்யும் முறை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி இன்றைய விண்டோஸைச் சுமக்க முடியாமல் திணறும்போது, அதில் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் துவக்கம்தான். பென் டிரைவைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டால் திரை கறுத்துவிடுகிறது. நிறுவல் முழுதாக முடிந்த பின்னும் லினக்ஸுக்குள் போக மறுக்கிறது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளை வீட்டில் வைத்திருப்பவர்களும் இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். இந்நிலையில் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, மறுபடியும் நிறுவிப் பார்ப்பது. அதுவும் பலிக்காவிட்டால் வேறொரு லினக்ஸ் வழங்கலுக்கு, அதாவது உபுண்டு, மின்ட் போன்ற வேறொரு லினக்ஸ் வகைக்குத் தாவுவது. இரண்டும் பெரும்பாலும் வீண்வேலை. கோளாறுக்கான காரணம் அப்படியே இருக்கும்போது எத்தனை முறை நிறுவினாலும் கணினி அதே இடத்தில்தான் நிற்கும்.

துவக்கம் என்பது அஞ்சல் ஓட்டம் போன்றது. மின்பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்னும் அடிப்படை நிரல் (ஃபர்ம்வேர்) விழித்துக்கொண்டு, வட்டிலிருந்து, இயங்குதளத்தை ஏற்றித் தரும் கிரப் என்னும் பூட்லோடரைத் தேடி எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையும் அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தற்காலிகக் கோப்பு முறைமையையும் ரேமில் ஏற்றுகிறது. கர்னல் வன்பொருள்களை அடையாளம் கண்டு, இயங்குதளம் இருக்கும் வட்டுப் பிரிவான மூலப் பார்ட்டிஷனைத் திறக்கிறது. அதன்பின் மற்றப் பணிகள் தொடங்கி, கடைசியாக வரைகலைத் திரை வருகிறது. இந்த ஓட்டத்தில் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகும்போது கோல் விழுந்தது என்று தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், திரையில் கடைசியாகத் தெரிந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னிணைப்பைச் செருகியே வைத்திருங்கள்; பழைய பேட்டரியை நம்பி நிறுவலைத் தொடங்குவது நல்லதல்ல. வட்டில் வேண்டிய கோப்புகள் இருந்தால் அவற்றை வேறோரிடத்தில் படியெடுத்த பிறகே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே தோன்றும். தட்டும்போதும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

முதலில் செயலியைப் பாருங்கள்

கணினியின் வயதுக்குப் பொருந்தாத வழங்கலைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு செய்யும் எந்தத் திருத்தமும் உதவாது. 'இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 செயலி தேவை, ஆனால் ஐ686 செயலி மட்டுமே உள்ளது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி தோன்றி எல்லாம் நின்றுவிட்டால், உங்கள் செயலி 32 பிட் வகையைச் சேர்ந்தது; நீங்கள் இறக்கியதோ 64 பிட் கோப்பு. இதற்கு அமைப்புகளில் மருந்து இல்லை, கோப்பைத்தான் மாற்ற வேண்டும். உபுண்டுவின் முதன்மைப் பதிப்பு 2017இல் வந்த 17.10உடன் 32 பிட் நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டது. டெபியன் 12 வரை 32 பிட் நிறுவி கிடைத்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13இல் அது இல்லை. எனவே உண்மையிலேயே 32 பிட் செயலி கொண்ட கணினிக்கு டெபியன் 12, அல்லது பழைய கணினிகளுக்கென்றே உருவாக்கப்படும் ஆன்டிஎக்ஸ் போன்ற வழங்கல்தான் பொருத்தம்.

இன்னும் பழைய பென்டியம் எம் மடிக்கணினிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றுள் சில பிஏஇ என்னும் நினைவக வசதியைப் பெற்றிருந்தும் அதைக் கர்னலுக்கு அறிவிப்பதில்லை. அதனால் கர்னல் 'பிஏஇ இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். அங்கே துவக்க வரியின் இறுதியில் (அதைத் திருத்தும் முறை பின்னால் வருகிறது) 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று சேர்த்தால் பெரும்பாலும் வழி திறக்கும். டெபியன் 12இன் 32 பிட் பதிப்பில் பிஏஇ தேவைப்படாத கர்னலும் இருப்பதால் அதுவே எளிய வழி.

64 பிட் செயலி என்பதாலேயே எல்லா வழங்கலும் ஓடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2006 முதல் பரவலாக வந்த கோர் 2 டுவோ செயலிகள் 64 பிட் வகைதான். ஆனால் 2022இல் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9உம் அதைப் பின்பற்றும் ராக்கி, ஆல்மா ஆகியவற்றின் 9ஆம் பதிப்புகளும் 'எக்ஸ்86-64-வி2' என்ற கூடுதல் கட்டளைத் தொகுதியைக் கேட்கின்றன. கோர் 2 டுவோவில் அது முழுமையாக இல்லை. ஆகவே கர்னல் ஓடத் தொடங்கி, பிறகு செயலி போதாது என்ற செய்தியுடன் விழுந்துவிடும். இத்தகைய கணினிக்கு டெபியன், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ் ஆகியவை பொருந்தும். ரேம் 2 ஜிபி மட்டுமே என்றால் மின்ட்டையும் தவிர்த்துவிட்டு ஆன்டிஎக்ஸ் பக்கம் போவதே என் பரிந்துரை.

பென் டிரைவ் துவங்கவில்லை என்றால்

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவல் கோப்பு, பழுதில்லாமல் வந்ததா என்று முதலில் சரிபாருங்கள். ஒவ்வொரு வழங்கலும் தன் தளத்தில் கோப்போடு ஷா256 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடுகிறது. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'செர்ட்யூட்டில்' கட்டளையால் உங்கள் கோப்புக்கான எண்ணைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடலாம். ஓரெழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுதானது. மறுபடி இறக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகும் என்றாலும் பெரும்பாலோர் இதைத் தாண்டிச் சென்றுவிட்டு, பிறகு நிறுவல் பாதியில் நிற்கும்போது வன்தட்டைக் குறைசொல்கிறார்கள்.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் அது துவங்காது. ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் போன்ற கருவியைக் கொண்டுதான் எழுத வேண்டும். ரூஃபஸில் எழுதும்போது ஐஎஸ்ஓ முறை, டிடி முறை என இரண்டு கேட்கப்படும். முதலாவது முறையில் எழுதிய பென் டிரைவ் 'எல்டிலினக்ஸ்.சி32' என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை என்று புலம்பினால், டிடி முறையில் மறுபடி எழுதிப் பாருங்கள். மடிக்கணினியில் நீல நிற யூஎஸ்பி 3 துளையும் கறுப்பு நிற யூஎஸ்பி 2 துளையும் இருந்தால் கறுப்பையே தேர்ந்தெடுங்கள். யூஎஸ்பி 3 புதிதாக வந்த காலத்துக் கணினிகள் சிலவற்றில் அத்துளையிலிருந்து துவங்கும் வசதி சரியாக அமைக்கப்படவில்லை.

அடுத்தது துவக்கச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் விசை. கணினியை இயக்கிய கணமே அதைத் தொடர்ந்து தட்ட வேண்டும். லெனோவா திங்க்பேட், டெல், தோஷிபா ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் விசையை அழுத்தியபின் எஃப்9, அசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாதிரிகளில் அது முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி ஃபர்ம்வேரின் அமைவுத்திரைக்குள் சென்று அதை முதலில் இயக்க வேண்டும். லெனோவா ஐடியாபேட் வகையில் மின்பொத்தானுக்கு அருகிலோ பக்கவாட்டிலோ நோவோ என்னும் சிறு பொத்தான் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் பட்டியல் தோன்றும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள கணினியில் எந்த விசையும் வேலை செய்யாததுபோல் தெரிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மீள்தொடக்கம் தருவது பயன்தரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைத்திருப்பதே அதற்குக் காரணம். அந்த வசதியை நிரந்தரமாகவே அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் எழுதவியலாத நிலையிலேயே திறக்கும்.

விண்டோஸ் 8 வெளியான 2012 முதல் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. கையொப்பமிடப்படாத பூட்லோடரை அது ஓடவிடாது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகியவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்னும் சிறு நிரலின் வழியாகத் துவங்குவதால் பெரும்பாலும் தடையில்லை. சிறிய வழங்கல்கள் பலவற்றுக்கு இந்தக் கையொப்பம் கிடையாது. அமைவுத்திரையில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு முயலுங்கள். ஆனால் விண்டோஸில் வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், அதன் மீட்புத் திறவுகோலை எழுதி வைத்துக்கொண்ட பின்பே இதைத் தொட வேண்டும். திறவுகோல் கையில் இல்லையென்றால் விண்டோஸ் பக்கக் கோப்புகள் அடைபட்டுப் போகும்.

2013 முதல் சில ஆண்டுகள் விற்ற பே டிரெயில் ஆட்டம் செயலி கொண்ட சிறிய, மலிவான மடிக்கணினிகள் தனி ரகம். அவற்றின் செயலி 64 பிட், யூஇஎஃப்ஐயோ 32 பிட். 2006, 2007 காலத்து மேக்புக்குகளிலும் இதே பொருத்தமின்மை உண்டு. வழக்கமான 64 பிட் பென் டிரைவில் 'பூட்எக்ஸ்64' என்ற துவக்கக் கோப்பு மட்டும் இருக்கும். இந்தக் கணினிகள் தேடுவது 'பூட்ஐஏ32' என்பதை. அதனால் பட்டியலில் பென் டிரைவின் பெயரே வராது. டெபியன் 8 முதல் வந்த, இருவகைச் செயலிகளுக்குமான அதன் நிறுவல் கோப்புகள் இந்தக் கலப்பு நிலையைக் கையாண்டன; ஃபெடோராவும் 27ஆம் பதிப்பு முதல் இதைக் கையாளுகிறது.

பட்டியல் வந்த பின் திரை கறுத்தால்

கிரப் பட்டியல் தோன்றி, நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்த பின் திரை கறுத்துப்போவது பழைய மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் கோளாறு. பலர் இதைத் துவக்கம் தோற்றதாக எண்ணுகிறார்கள். உண்மையில் கர்னல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வரைகலைச் சில்லைச் சரியாக இயக்க முடியாததால் திரையில் மட்டும் ஒன்றும் தெரியாது. கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிருடன்தான் இருக்கிறது.

கிரப் பட்டியலில் வேண்டிய வரியின்மேல் நின்று 'இ' என்ற ஆங்கில எழுத்தை (ஏ, பி, சி, டி, இ வரிசையில் ஐந்தாவது) தட்டினால் துவக்க வரிகள் திருத்தக்கூடிய வடிவில் திறக்கும். அவற்றுள் 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள 'குவயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய இரண்டு சொற்களை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் 'நோமோட்செட்' என்று இடைவெளியின்றி ஒரே சொல்லாகச் சேர்த்து, கன்ட்ரோலுடன் எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்துங்கள். முதல் இரண்டு சொற்களை நீக்குவதால் கர்னல் தான் செய்வதையெல்லாம் வரிவரியாகத் திரையில் காட்டும். ஒருவேளை மறுபடி நின்றாலும் எங்கே நின்றது என்பது தெரியும். மூன்றாவது சொல், வரைகலைச் சில்லின் சிறப்பு வசதிகளைத் தொடாமல் ஃபர்ம்வேர் தந்த எளிய திரையையே பயன்படுத்தும்படி கர்னலுக்குச் சொல்கிறது. மின்ட்டின் பட்டியலில் உள்ள இணக்க நிலையும், உபுண்டுவில் பாதுகாப்பான வரைகலை என்ற பொருளில் வரும் வரியும் ஏறக்குறைய இதையே செய்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பென் டிரைவில் செய்த இந்தத் திருத்தம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். நிறுவிய லினக்ஸின் முதல் துவக்கத்திலும் திரை கறுக்கக்கூடும். அப்போதும் இதையே செய்ய வேண்டும். பட்டியல் மறைந்திருந்தால் பயாஸ் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தும், யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பைத் தட்டியும் அதை வெளியே கொண்டுவரலாம். உள்ளே நுழைந்ததும் 'ஈடிசி' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' கோப்புறையில் உள்ள 'கிரப்' என்னும் கோப்பில், 'சிஎம்டிலைன்' என்ற சொல் வரும் வரியில் 'நோமோட்செட்' என்பதைச் சேர்த்துச் சேமித்து, 'சூடோ அப்டேட்-கிரப்' கட்டளையை இயக்கினால் அது நிலைத்துவிடும். ஆனாலும் நோமோட்செட்டை நிரந்தரத் தீர்வாக நான் கருதுவதில்லை. அதை வைத்துக்கொண்டு காணொளி பார்த்தால் பழைய செயலி கொதித்துவிடும், திரைத் தெளிவும் குறைந்திருக்கும். என்விடியா சில்லு உள்ள கணினியானால் நோமோட்செட்டுக்குப் பதில் 'நூவோ.மோட்செட்=0' என்பதையும், பழைய ஏடிஐ ரேடியான் சில்லானால் 'ரேடியான்.மோட்செட்=0' என்பதையும் தனித்துச் சோதித்துப் பார்ப்பது மேல்; இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள கணினியில் இது தொல்லை தரும் சில்லை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை முழுத் திறனுடன் விடும்.

வரிகள் ஓடிக்கொண்டிருந்து, மின்மேலாண்மைக்கான ஏசிபிஐ தொடர்பான வரியில் உறைந்தால் 'ஏசிபிஐ=ஆஃப்' என்று சேர்த்துச் சோதிக்கலாம். இது நோயைக் கண்டறிவதற்கு மட்டுமே. அப்படியே விட்டுவிட்டால் பேட்டரி அளவு தெரியாது, கணினி தானாக அணையாது. மேலே சொன்ன பே டிரெயில் கணினிகள் துவங்கிச் சிறிது நேரத்தில் உறைந்துபோனால் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்பது பலருக்குக் கைகொடுத்த திருத்தம். பேட்டரி சற்று விரைவில் தீரும் என்பது அதற்கான விலை.

நிறுவி வட்டைக் காணவில்லை என்றால்

நிறுவி ஓடுகிறது, ஆனால் பட்டியலில் பென் டிரைவ் மட்டும் தெரிகிறது, வன்தட்டு தெரியவில்லை. அமைவுத்திரையில் சாட்டா முறை, அதாவது வட்டு இணைப்பு முறை, என்ன என்று பாருங்கள். ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸை நீக்கிவிடப் போகிறீர்களானால் உடனே மாற்றிவிடலாம். அதுவும் வேண்டுமென்றால், விண்டோஸ் 10இல் எம்எஸ்கான்ஃபிக் வழியாகப் பாதுகாப்பு நிலைத் துவக்கத்தைக் குறித்துவிட்டு, மீள்தொடக்கத்தின்போது அமைவுத்திரையில் ஏஎச்சிஐக்கு மாற்றி, விண்டோஸை ஒருமுறை பாதுகாப்பு நிலையில் துவங்கவிட்டு, பிறகு அந்தக் குறியை எடுக்க வேண்டும். இந்த வரிசை பிறழ்ந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

நிறுவிய பின் திரும்பி வராத கணினி

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. நிறுவல் எந்தப் புகாருமின்றி முடிந்து, பென் டிரைவை எடுத்துவிட்டு மீள்தொடக்கம் தந்ததும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருவதற்கு மிகப் பெரிய காரணம், பென் டிரைவ் துவங்கிய முறையும் வன்தட்டு துவங்க வேண்டிய முறையும் வேறுபடுவதுதான். 2010ஐ ஒட்டி வந்த பல மடிக்கணினிகளில் பழைய பயாஸ் முறை, யூஇஎஃப்ஐ முறை இரண்டும் சேர்ந்தே இருக்கும். துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தோன்றும்; ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் துவங்கினால் நிறுவியும் யூஇஎஃப்ஐக்கான கிரப்பையே வட்டில் எழுதும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பயாஸுக்கான கிரப்பை எழுதும். பிறகு கணினி எதிர்முறையில் தேடினால் எதுவும் கிடைக்காது. நிறுவியின் நேரடி அமர்வில் (வட்டில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் நிலை) டெர்மினலைத் திறந்து, 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்' கோப்புறையில் 'ஈஎஃப்ஐ' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் யூஇஎஃப்ஐ முறையில் வந்திருக்கிறீர்கள்; இல்லையென்றால் பயாஸ் முறை. விண்டோஸ் ஏற்கெனவே இருந்து அதையும் வைத்துக்கொள்வதானால், அது எந்த முறையில் துவங்குகிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். விண்டோஸ் 8 முதல் எம்எஸ்இன்ஃபோ32 காட்டும் கணினி விவரப் பக்கத்தில் பயாஸ் முறை என்ற வரியில் இது தெரியும்.

பயாஸ் முறையில், வட்டு பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டுள்ள அமைப்பையும் கவனிக்க வேண்டும்; அது பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி என இருவகை. பழைய எம்பிஆர் அமைப்பில் முதல் 512 பைட்டுகளில் 446 மட்டுமே துவக்க நிரலுக்கு உரியவை. கிரப்பின் அடுத்த பகுதி முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் அமர்கிறது. ஜிபிடி அமைப்பில் அந்த வெற்றிடம் கிடையாது. ஆகவே ஜிபிடி வட்டில் பயாஸ் முறையில் நிறுவுவதானால், 1 எம்பி அளவில் பயாஸ் கிரப் என்ற குறியுடன், எந்தக் கோப்பு முறைமையும் இல்லாத ஒரு சிறு பார்ட்டிஷனை ஒதுக்க வேண்டும். இதைச் செய்த பின்னும் துவங்க மறுக்கும் பயாஸ்கள் உண்டு; எம்பிஆரில் துவக்கக் குறியுள்ள பார்ட்டிஷன் ஒன்றேனும் இல்லையென்றால் அவை வட்டையே பொருட்படுத்துவதில்லை. 2 டிபிக்குக் குறைவான வட்டுள்ள பழைய பயாஸ் கணினியில் விண்டோஸை அகற்றிவிட்டு லினக்ஸை மட்டும் வைத்துக்கொள்வோர், தயங்காமல் எம்பிஆர் அமைப்பையே தேர்ந்தெடுக்கலாம். அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

யூஇஎஃப்ஐ முறையில் கதை வேறு. அங்கே கிரப், ஃபேட்32 வடிவிலுள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு கோப்பாக இருக்கும். அதன் பெயரும் இருப்பிடமும் தாய்ப்பலகையின் நினைவில் பதிவாகும். அந்தப் பதிவை மதிக்காமல் எப்போதும் விண்டோஸையே தேடும் ஃபர்ம்வேர்கள் பழைய மடிக்கணினிகளில் கணிசம். கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், அமைவுத்திரையின் துவக்க வரிசையில் உபுண்டு அல்லது டெபியன் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து அதை மேலே ஏற்றுங்கள். பெயரே இல்லையென்றால், நேரடி அமர்வின் வழியாகக் கிரப்பை மறுபடி நிறுவும்போது 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையுடன் 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எந்த ஃபர்ம்வேரும் கடைசியாகத் தேடிப் பார்க்கும் பொது இடமான, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலுள்ள 'பூட்' கோப்புறையில் கிரப் போய் அமரும். டெபியன் நிறுவியின் நுட்ப முறை இதைத் தானே கேட்கும். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றிலோ, அமைவுத்திரையில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒன்றை அமைத்தால்தான் செக்யூர் பூட் பகுதி திறக்கும். அதில் நம்பத்தக்க கோப்பாக லினக்ஸின் ஷிம் கோப்பைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் நீக்கிவிடுவது இன்னும் நல்லது.

'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லும் ஒளிரும் குறியும் தோன்றினால் அஞ்ச வேண்டாம். கிரப் பாதியளவு எழுந்துவிட்டது; தன் மற்றக் கோப்புகள் எந்தப் பார்ட்டிஷனில் உள்ளன என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. பார்ட்டிஷன்களை அழித்து மாற்றியமைத்த பின் இது வழக்கமாக நேரும். 'எல்எஸ்' என்று தட்டினால் எச்டி0 எனத் தொடங்கும் பார்ட்டிஷன் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் 'எல்எஸ்' கட்டளையோடு, இறுதியில் சாய்கோடு இட்டுத் தட்டிப் பாருங்கள். எதில் 'பூட்' கோப்புறை தெரிகிறதோ அதுவே உங்கள் லினக்ஸ். 'செட்' கட்டளையால் 'ரூட்' என்பதற்கு அந்தப் பார்ட்டிஷனையும், 'பிரிஃபிக்ஸ்' என்பதற்கு அதே பார்ட்டிஷனில் 'பூட்' கோப்புறைக்குள்ளிருக்கும் 'கிரப்' கோப்புறையையும் மதிப்பாகக் கொடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்' என்றும் அடுத்த வரியில் 'நார்மல்' என்றும் தட்டினால் பழக்கமான பட்டியல் திரும்பி வரும். உள்ளே நுழைந்ததும் கிரப்பை மறுபடி நிறுவி 'அப்டேட்-கிரப்' இயக்கினால்தான் இது நிலைக்கும்.

கட்டளைகளைத் தட்டத் தயங்குவோர் லினக்ஸ் மின்ட் பென் டிரைவின் நேரடி அமர்விலேயே உள்ள பூட் ரிப்பேர் கருவியைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள பரிந்துரைக்கப்பட்ட சீரமைப்பு பெரும்பாலான கிரப் கோளாறுகளைத் தீர்த்துவிடும். அப்போதும் பென் டிரைவை, நிறுவிய லினக்ஸ் எந்த முறையில் துவங்க வேண்டுமோ அதே முறையில்தான் துவக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி தவறான கிரப்பை எழுதிவைத்துவிடும்.

மிகப் பழைய கணினியில் பெரிய வட்டை மாற்றிப் பொருத்தியவர்கள் மட்டும் காணும் செய்தி ஒன்று உண்டு: வட்டுக்கு வெளியே படிக்க முயல்வதாகக் கிரப் சொல்லும். அந்தப் பயாஸ் வட்டின் முதல் 137 ஜிபியை மட்டுமே எட்டக்கூடியது. கர்னல் அதற்கு அப்பால் எழுதப்பட்டுவிட்டால் கிரப்பால் அதைத் தொட முடியாது. வட்டின் தொடக்கத்தில் 1 ஜிபி அளவில் 'பூட்' என்பதற்கென்று தனிப் பார்ட்டிஷன் அமைத்து நிறுவினால் போதும். கர்னல் ஏறிய பின் அது முழு வட்டையும் தானே பார்த்துக்கொள்ளும்.

2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரட்டைத் துவக்கக் கணினிகள் பல 'எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்' என்ற வரியுடன் லினக்ஸை மறுத்தன. பழைய ஷிம் நிரல்களைச் செல்லாதவையாக அது அறிவித்ததே காரணம். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு லினக்ஸுக்குள் சென்று, வழங்கலை முழுதாக மேம்படுத்தி, 'மோக்யூட்டில்' கட்டளையால் எஸ்பிஏடி கொள்கையை (செல்லாத துவக்க நிரல்களைத் தடுக்கும் விதி) நீக்கிய பின் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கலாம்.

கர்னல் ஓடிய பின் நின்றால்

பட்டியல் வந்து, வரிகளும் ஓடி, பிறகு 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற குறியில் நின்றால் மூலப் பார்ட்டிஷன் திறக்கப்படவில்லை என்று பொருள். 'எக்ஸிட்' என்று தட்டினால் காரணம் சொல்லப்படும். கோப்பு முறைமையைக் கையால் சரிபார்க்கச் சொன்னால், அச்செய்தியிலேயே வரும் பார்ட்டிஷனின் பெயரோடு 'எஃப்எஸ்சிகே -ஒய்' கட்டளையை இயக்குங்கள். கர்னல் பேனிக் என்ற சொல்லும், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும், இறுதியில் அடைப்புக்குள் இரண்டு சுழியங்களும் வந்தால், பெரும்பாலும் மேம்படுத்தலின்போது இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படவில்லை. 'பூட்' பார்ட்டிஷன் நிரம்பியிருப்பது வழக்கமான காரணம். கிரப்பின் கூடுதல் விருப்பங்களில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே சென்று, பயன்படாத கர்னல்களை நீக்கி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை இயக்குங்கள்.

அவசர நிலைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தாலோ, 90 நொடி காத்திருப்பு ஓடினாலோ, துவக்கத்தில் திறக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான 'எஃப்எஸ்டேப்' கோப்பைத் திறந்து பாருங்கள். அழிக்கப்பட்ட ஸ்வாப் (ரேமுக்குத் துணையான) பார்ட்டிஷனின் பழைய அடையாள எண் அதில் இன்னும் இருக்கக்கூடும். அவ்வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியிட்டு முடக்கினால் போதும்.

ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கடிகாரம் பின்னோக்கிப் போய்விட்டால், தாய்ப்பலகையிலுள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. பல மடிக்கணினிகளில் அது சிறு கம்பிகளுடன் உறையிடப்பட்ட சிஆர்2032 வகையாக இருக்கும். தேதி பிறழ்ந்தால் வட்டின் கடைசிப் பயன்பாடு எதிர்காலத்தில் நடந்ததாகச் சரிபார்ப்பு புகார் சொல்லும். அமைவுத்திரையில் மாற்றிய சாட்டா முறையும் துவக்க வரிசையும்கூட மறைந்துபோகக்கூடும். நேற்றுச் சரியாக இருந்தது இன்று மாறிவிடுவதற்கு இதுவே விடை.

மேற்சொன்ன எதிலும் பிடிபடாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும் கணினியில் வன்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நேரடி அமர்வில் வட்டுகள் என்னும் கருவியைத் திறந்து, வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை சுழியத்துக்கு மேல் இருந்தாலே அந்த வட்டில் நிறுவ வேண்டாம். சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் கோளாறும் நீங்கும், பழைய கணினி வேகமும் பெறும். வட்டு நலமாக இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓரிரவு ஓடவிடுங்கள். அதன் 6ஆம் பதிப்பு யூஇஎஃப்ஐ கணினிகளிலும் துவங்கும். பிழை காட்டினால் ரேம் பலகைகளுள் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை ஒவ்வொரு துளையிலும் மாற்றிப் பொருத்திச் சோதித்து, பழுது பலகையிலா துளையிலா என்று தெரிந்துகொண்ட பிறகு புதிய ரேம் வாங்குங்கள்.